நிச்சயபுரத்துச் சந்தேகக் கல்

எங்கள் நிச்சயபுரம் திருச்சபைச் சேகரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இருந்ததில்லை. ஊரின் பெயரே அப்படி. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார மிஷனெரி தாமிரபரணிக் கரையில் ஒரு பனங்காட்டை வாங்கி, கோவில் கட்டி, வீடுகள் கட்டி, இந்தப் பெயரையும் வைத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். அவருக்கு எதில் அவ்வளவு நிச்சயம் என்று எங்கள் முன்னோர் கேட்டு வைக்கவில்லை. கேட்பது எங்கள் வழக்கமும் இல்லை.

மோட்சம் எங்கே இருக்கிறது, அதற்குள் யார் யார் போவார்கள், போனவர்களுக்கு என்ன உடுப்பு, என்ன பாட்டு, எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. பக்கத்துச் சேகரத்து ஆட்களை உள்ளே விடுவார்களா என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. விடமாட்டார்கள் என்று ஒரு சாரார் சொல்வார்கள். விடுவார்கள், ஆனால் பின்வாசல் வழியாக என்று மற்றவர்கள் சொல்வார்கள். பின்வாசல் இருக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, தேவதாசன் ‘தெரியாது’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அறுபது வயது வரை குப்பை கொட்டிவிட்டார். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் அவருக்கு ஒரு எலெக்ட்ரிக் கடை. “அண்ணாச்சி, இந்த ஃபேன் எத்தன வருஷம் ஓடும்?” என்று கேட்டால், பக்கத்துக் கடைக்காரர் “ஒங்க பேரன் கல்யாணத்துக்கும் ஓடும்” என்பார். தேவதாசன் “தெரியாதே” என்பார். ஆட்கள் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் மனைவியை எங்களுக்கெல்லாம் ஞானசௌந்தரி அக்கா என்றால்தான் தெரியும். “ஒரு பொய் சொன்னா வாய் அழுகியா போயிரும்?” என்று அக்கா அவரைத் திட்டுவார். திட்டிவிட்டு அதையே தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையே திரண்டு போய்ப் பார்த்தது. போன ஒவ்வொருவரும் ஜெபம் பண்ணி, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, அக்காவுக்கு மேலே இடம் ஆயத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தோம். நானும் சொன்னேன். பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னோம். எல்லாரும் போன பிறகு அக்கா கணவரைக் கூப்பிட்டார்.

“அத்தான், நாம மறுபடியும் பாப்போமா?”

தேவதாசன் யோசித்தார். மனைவி சாகக் கிடக்கும்போதுகூட யோசித்துத்தான் பதில் சொல்வார், அப்படி ஒரு மனிதர்.

“தெரியலையே. ஆனா பாக்கணும்னு ஆசையா இருக்கு.”

அக்கா சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். “வந்தவங்க எல்லாரும் தெரியும் தெரியும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆசையா இருக்குன்னு சொல்ல ஒருத்தருக்கும் தோணல பாத்தியளா? நீங்க சொன்னத அப்படியே என் கல்லுல எழுதிருங்க.”

“சரி.”

“நாளப்பின்ன யாரு சொன்னாலும் மாத்தப்பிடாது.”

“மாத்த மாட்டேன்.”

மாசி மாதம் அக்கா இறந்துபோனார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. அடக்கம் பண்ணியதும் ஒரு மரச் சிலுவையில் பெயர் எழுதி நட்டுவிடுவார்கள். முதல் வருஷ நினைவு ஜெபத்துக்குள் கல் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் அந்தக் குழி சபைக்குத் திரும்பிவிடும், அதே இடத்தில் அடுத்தவருக்குத் தோண்டுவார்கள். இடம் அவ்வளவு நெருக்கடி. கல்லில் என்ன எழுதுவது என்பதைச் சேகர கமிட்டி பார்த்துச் சம்மதிக்க வேண்டும். தேவதாசன் எழுதிக் கொண்டுபோனது இதுதான்:

ஞானசௌந்தரி. மறுபடியும் பார்ப்போமா, தெரியாது. பார்க்க ஆசை.

குருவானவர் குடியிருக்கும் குருமனையில் கமிட்டி கூடியது. எங்கள் குருவானவர் எஸ்றா ஐயர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்வதுதான் அவர் வேலை. பேசுவது செயலாளர் சத்தியநேசன் சாரின் வேலை. சார் முப்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவருடைய குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் பத்துப் பேர் இருக்கிற அறையிலும் மைக் வைத்துத்தான் பேசுவார்.

“அன்பானவர்களே! ‘தெரியாது’ என்ற சொல் நம் கல்லறைத் தோட்டத்துக்குள் இதுவரை நுழைந்ததில்லை. நம் முன்னோர் எத்தனை பேர் அங்கே படுத்திருக்கிறார்கள்! அவர்களில் ஒருவராவது, என்றைக்காவது, ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னதுண்டா?”

கமிட்டி கை தட்டியது.

“படுத்திருக்கவங்க ஒண்ணுமே சொல்லலையே சார்?” என்றார் தேவதாசன்.

“அதைத்தான் நானும் சொல்கிறேன். மறுப்பு வரவில்லை.”

கல்லறைத் தோட்டப் பொறுப்பாளர் மணிராஜ் ரோடு காண்ட்ராக்டர். சமாதானமாக முடிக்கப் பார்த்தார். “அண்ணாச்சி, ‘இளைப்பாறுகிறார்’னு போட்டுட்டுப் போங்களேன். எங்க பெரியப்பாவுக்கு அதத்தான் போட்டோம். உயிரோட இருக்கும்போதும் அவரு வேற ஒண்ணும் செய்யல.”

“அவ அதக் கேக்கலையே மணிராஜ்.”

“எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம் ஒமக்கு மட்டும் எப்படி வே தெரியாமப் போகும்?” என்று சத்தியநேசன் சார் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

தேவதாசன் சண்டைக்காரர் அல்ல. உண்மையிலேயே குழம்பிப்போய், சிறு குரலில் சொன்னார். “கடைசி நாளும் நாழிகையும் எப்ப வரும்னு தமக்கே தெரியாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே. அவருக்கு ஒண்ணு தெரியாம இருக்கலாம்னா, எனக்கு ஒண்ணு தெரியாம இருக்கக் கூடாதா?”

எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் தேநீர் கிளாஸைப் பார்த்தார். சார் மறுபடியும் மைக்கை எடுத்தார்.

“அவர் தெரிந்தே தெரியாது என்றார். நீர் தெரியாமல் தெரியாது என்கிறீர். இரண்டும் ஒன்றாகுமா?”

இதற்கு இரண்டு முறை கை தட்டினார்கள். ஒரு முறை புரிந்ததற்காக, இன்னொரு முறை புரியாததற்காக என்று நினைக்கிறேன். ஆனாலும் கேள்வி முள் மாதிரி தைத்துவிட்டது. ஆகவே ஒரு விசுவாசி எவ்வளவு தெரியாமல் இருக்கலாம் என்று ஆராய்ந்து முடிவு சொல்ல ‘அறியாமை எல்லை நிர்ணயத் துணைக் கமிட்டி’ ஒன்று அமைத்தார்கள். அதற்கும் சத்தியநேசன் சாரே செயலாளர்.

துணைக் கமிட்டி சித்திரை வெயிலில் பள்ளிக்கூட ஹாலில் ஃபேன் போட்டுக்கொண்டு ஆராய்ந்தது. கரண்ட் எப்போது போகும் என்பது ஒரு விசுவாசிக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது. தன் சர்க்கரை அளவு தெரியாமல் இருக்கலாம். மகன் பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறான் என்பது தெரியாமல் இருக்கலாம். கடைசி நாளின் எக்காளம் எப்படி ஒலிக்கும் என்பது தெரிந்தே இருக்க வேண்டும். அது எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்று பாடகர் குழுத் தலைவருக்கும் மணிராஜுக்கும் தகராறு வந்து, ஒரு கூட்டம் முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில் பொது விதி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சாவுக்கு முன்னால் உள்ள விஷயங்களில் எது வேண்டுமானாலும் தெரியாமல் இருக்கலாம். சாவுக்குப் பின்னால் உள்ள விஷயங்களில் ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கக் கூடாது.

இந்த விதியைக் கேட்டதும் தேவதாசன் தலையைச் சொறிந்தார். “நான் தலகீழால்லா நெனச்சிட்டு இருந்தேன்” என்றார்.

ஆடி மாதம் அசனப் பண்டிகை வந்தது. கோவில் வளாகத்தில் பெரிய பெரிய கிடாரங்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதிக்கும். ஊரே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். சோறு வேகும் நேரத்தில் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும். அந்த வருஷம் பட்டிமன்றம் வைத்தார்கள். ‘விசுவாசிக்குத் தெரியாதது ஒன்று உண்டா, இல்லையா?’ என்பதுதான் முதலில் யோசித்த தலைப்பு. ‘உண்டு’ என்று பேச ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தேவதாசனைக் கேட்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, மேடையில் அவர் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்று சார் கேட்டார். கடைசியில் தலைப்பை இப்படி மாற்றினார்கள்: ‘விசுவாசிக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லையா? அறவே இல்லையா?’

இரண்டு அணிகளும் பயங்கரமாக மோதின. ‘ஒன்றுமே இல்லை’ அணிக்கு மணிராஜ் தலைவர். ‘அறவே இல்லை’ அணிக்குச் சத்தியநேசன் சார். தேவதாசன் கிடாரங்களுக்குப் பக்கத்தில் புகையில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கேட்டார். கேள்வி நேரத்தில் யூனிஸ் டீச்சர் எழுந்தார். அவர் ரெண்டு முட்டிலும் ஆபரேஷன் ஆனவர்.

“மோட்சத்துல எனக்கு முட்டு வலி இருக்குமா சார்?”

“இருக்காது அம்மா.”

“அங்கன படிக்கட்டு இருக்குமா?”

“பொன்னால் ஆன படிகள்.”

“எத்தன படி?”

சார் அரை விநாடிதான் தயங்கினார். “ஏற வேண்டிய அளவு” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “இன்னும் கேளுங்கள்! பரலோகத்திலும் சேகரங்கள் உண்டு. ஒவ்வொரு சேகரத்துக்கும் ஒரு கமிட்டி உண்டு. இங்கே உண்மையாய் உழைத்த செயலாளர்கள் அங்கேயும் தொடர்வார்கள். அங்கே தேர்தல் கிடையாது!”

கமிட்டிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மற்றவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. மோட்சத்தைப் பற்றி எங்கள் ஊருக்கு முதன்முதலாகச் சின்னதாய் ஒரு கவலை தட்டியது அன்றைக்குத்தான்.

‘ஒன்றுமே இல்லை’ என்பதைவிட ‘அறவே இல்லை’ என்பதே அறவே சரி என்று வெளியூரிலிருந்து வந்த நடுவர் தீர்ப்புச் சொன்னார். அவருக்குப் பசி. தேவதாசனைக் கடைசிப் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். அவர் இலைக்கு வரும்போது கறி தீர்ந்து எலும்பு மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு சாருக்கு வேகம் பிடித்துவிட்டது. இப்படி ஒரு ஆள் சபையில் முளைத்தால் இன்னும் எத்தனை பேர் உள்ளுக்குள் தெரியாமல் இருக்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகப்படும் உரிமை கமிட்டிக்கு மட்டும் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ‘நிச்சய வகுப்பு’ என்று ஒன்றை ஆரம்பித்தார். மூன்றாம் மாதம் பரீட்சை. பரலோகத்தின் அகலம் உமக்குத் தெரியுமா? நரகத்தின் ஆழம் தெரியுமா? நியாயத்தீர்ப்பில் நிற்க வேண்டிய வரிசை தெரியுமா? ‘தெரியும்’ என்று எழுதினால் மார்க். என்ன தெரியும் என்று எழுத வேண்டியதில்லை. அதைக் கேட்டால் திருத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. சபை முழுவதும் நூற்றுக்கு நூறு வாங்கியது. துபாயில் இருக்கிற டார்லின்கூடத் தேறிவிட்டான், அவனுக்காக அவன் அம்மா எழுதினார்.

தேவதாசனும் எழுதப் போனார். அகலம், ஆழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ‘மரித்த உமது இனத்தாரை மறுபடியும் காண்பீர் என்று தெரியுமா?’ என்ற கேள்விக்கு முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ‘ஆசை’ என்று எழுதிக் கொடுத்தார்.

“இது பாடத்திட்டத்திலேயே இல்லையே வே” என்று சார் முட்டை போட்டார்.

அன்று மாலை தேவதாசன் குருமனைக்குப் போய் எஸ்றா ஐயரைப் பார்த்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. நான் நிச்சயபுரத்தான்.

“ஐயா, கமிட்டி இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியுமா?”

ஐயர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

“எங்கம்மா செத்தப்போ அவ பொட்டிக்கு முன்னால நின்னு நான்தான் ஜெபம் பண்ணுனேன் தேவதாசன். சத்தமா, தைரியமாப் பண்ணுனேன். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடந்தேன். எனக்கும் ஆசைதான். அதுக்கு மேல எனக்கும் தெரியாது.”

தேவதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இத நீங்க கமிட்டில ஒரு வார்த்த சொன்னா போதுமே ஐயா.”

“சொல்லலாம். அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். சொன்னா கடைசி வருஷத்துல தூக்கி எங்கயாவது மலையடிவாரத்துல போட்டுருவாங்க. நீங்க வெளிய போயிச் சொன்னீங்கன்னா, நான் அப்படிப் பேசவே இல்லன்னு சொல்லிருவேன்.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“ஒங்க வேதன எனக்கு நல்லாப் புரியுது. என் கல்லுல என்ன எழுதணும்னு நானே ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருக்கேன்.”

“என்ன ஐயா?”

“இளைப்பாறுகிறார்” என்றார் ஐயர்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாரும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தேவதாசன் பின்சுவர் ஓரத்துப் புது வரிசையில், சாயம் போன மரச் சிலுவைக்கு முன்னால் குத்தவைத்திருந்தார். மணிராஜ் அந்தப் பக்கம் அளவு டேப்போடு வந்து, “தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி, சும்மா பாத்து வைக்கேன்” என்று சொல்லிவிட்டு அக்காவின் குழியை அளந்துகொண்டு போனார்.

மகள் ஜெசி சென்னையிலிருந்து போன் பண்ணி அழுதாள். “அப்பா, கல்லு வைக்கலன்னா அம்மா மேல வேற யாரயோ கொண்டு வச்சிருவாங்க. வார்த்தையாப்பா முக்கியம்? அம்மாவப் பாக்கணும்னு நான் ஊருக்கு வந்தா எங்கன போயி நிக்க?”

தேவதாசனுக்கு இப்போது மனைவிக்குக் கொடுத்த வாக்கா, மனைவி கிடக்கிற இடமா என்று வந்துவிட்டது. எந்த மனிதனையும் இப்படி நிறுத்தக் கூடாது. எங்கள் கமிட்டி நிறுத்தியது, நாங்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிவில், சபைக்கு முன்னால் நின்று தேவதாசன் சொன்னார்: “எனக்குத் தெரியும்.”

“கடைசி பெஞ்சுக்குக் கேக்கல” என்று சார் மைக்கை நீட்டினார்.

“எனக்குத் தெரியும்” என்று மைக்கில் மறுபடியும் சொன்னார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. சார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தேவதாசனின் வாய் ஒன்றும் அழுகிப் போகவில்லை. அந்த வாரமே கடையில் ஒருவர் ஃபேனைக் காட்டி எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டதற்கு, “பேரன் கல்யாணத்துக்கும் ஓடும்” என்று சொன்னாராம். விற்றுவிட்டது.

மேலப்பாளையத்தில் கல் வெட்டுகிற தாவூதிடம் போய், ‘நிச்சயமாய்ச் சந்திப்போம்’ என்று வெட்டச் சொன்னார். “மொத வேற என்னமோல்லா சொன்னிய அண்ணாச்சி?” என்றார் தாவூது. “இப்ப தெரிஞ்சுபோச்சு” என்றார் தேவதாசன். கல் ரெடியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் நட்டுவிடலாம் என்று பேச்சு.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த மழை வந்தது. அதைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசம் அணையைத் திறந்தார்கள், ஆறு கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது. எல்லாரும் பள்ளிக்கூட மாடியில் ஒன்றாகக் கிடந்தோம், ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். தண்ணீர் இன்னும் ஏறுமா என்று கேட்டால் சத்தியநேசன் சாரே உதட்டைப் பிதுக்கினார். எங்கள் ஊரில் யாரும் எதையும் தெரியும் என்று சொல்லாத நாட்கள் அவை. எனக்கு அந்த நாட்களில்தான் எங்கள் ஜனங்களை ரொம்பப் பிடித்திருந்தது.

தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால் கல்லறைத் தோட்டத்தின் பின்சுவர் இல்லை. கல் வைத்த கல்லறைகள் நின்றன. புது வரிசை முழுவதும் ஒரே மணல். மரச் சிலுவைகள் ஒன்றுகூட இல்லை. அதில் ஒன்று ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வாழைத் தோப்பில் பெயர் அழிந்து கிடந்ததாக யாரோ சொன்னார்கள். தேவதாசன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் மணிராஜ் ஜேசிபியைக் கொண்டுவந்து மணலை நிரவி, புதிதாக மேடுகள் போட்டுவிட்டார். பழைய மேடுகள் கோணல்மாணலாக இருக்கும். இப்போது எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி, பார்க்க லட்சணமாக இருந்தது. அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் போட்டதில் ஒரு மேடு கூடுதலாக வந்துவிட்டது.

கமிட்டி கூடியது. தேவதாசன் நின்றுகொண்டே கேட்டார்.

“எம் பொஞ்சாதி எங்கன இருக்கா?”

“பரலோகத்தில்” என்றார் சார்.

“அது தெரியும்னு நான்தான் மைக்குல சொல்லிட்டேனே சார். ஒடம்பு எங்கன இருக்கு?”

எஸ்றா ஐயர் கிளாஸை எடுத்தார். அதில் தேநீர் இல்லை. தெரியாது என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், பேச்சு முடிந்திருக்கும், எல்லாருமாகச் சேர்ந்து மண்ணைக் கிளறாமல் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு அழுதிருக்கலாம். ஆனால் துணைக் கமிட்டியின் விதி இருந்தது. ஒருவரை அடக்கம் பண்ணிய இடம் என்பது சாவுக்குப் பின்னால் உள்ள விஷயம். ஆகவே அது தெரிந்தே ஆக வேண்டும்.

“ஓட்டெடுப்பு நடத்துவோம்” என்றார் சார்.

அக்கா கிழக்கிலிருந்து நாலாவது மேட்டில் இருப்பதாக மணிராஜ் முன்மொழிந்தார். ஆறாவது மேடு என்று இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார். கைகளை எண்ணினார்கள். நாலாவது மேடு பெரும்பான்மை பெற்றது. “நம் சகோதரி ஞானசௌந்தரி நாலாவது மேட்டில் இருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிவிட்டது” என்று சார் அறிவித்தார். அந்த வரிசையில் ஆளைப் புதைத்திருந்த மற்றக் குடும்பங்களுக்கும் இதே மாதிரி மேடு ஒதுக்கினார்கள். அவர்கள் எல்லாரும் நிச்சய வகுப்பில் நூறு வாங்கியவர்கள், மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒரு மேட்டில் யாரும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

தேவதாசன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “ஒருவேள நாலாவதும் இல்லாம, ஆறாவதும் இல்லாம, ரெண்டு மேட்டுக்கும் நடுவுல இருந்தா?” என்று கேட்டார்.

“நடுவில் யாரும் போட்டியிடவில்லையே” என்றார் சார்.

மாசி மாதம் முதல் வருஷ நினைவு ஜெபம். நாலாவது மேட்டில் தாவூது கல்லை நட்டுவைத்திருந்தார். ஐயர் ஜெபித்தார். சத்தமாக, தைரியமாக ஜெபித்தார். சார் பேசினார். விசுவாசத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சேர்ந்து கிடைத்த வெற்றி இது என்றார், ஜேசிபியைத்தான் விஞ்ஞானம் என்று சொன்னார் போலிருக்கிறது. பாட்டுப் பாடி முடித்து, எல்லாரும் வடையும் காப்பியும் இருக்கிற பக்கம் போய்விட்டோம். நான் செருப்பைத் தேடிக்கொண்டு பின்தங்கி நின்றேன்.

ஜெசி கல்லுக்கு முன்னால் நின்றாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் இப்போதுதான் ஊருக்கு வருகிறாள். சுற்றிலும் ஒரே மாதிரி மேடுகளைப் பார்த்தாள்.

“அப்பா, அம்மா இங்கனதான இருக்கா?”

தேவதாசன் கையில் பெரிய செவ்வந்தி மாலை இருந்தது. அவர் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை.

“இங்கனதாம்மா. அப்பாவுக்குத் தெரியும்.”

இந்தப் பொய்யை எந்தக் கமிட்டியும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. ஜெசி மேட்டில் குப்புற விழுந்து, கல்லில் முகத்தை வைத்துக்கொண்டு “எம்மா, எம்மா” என்று அழுதாள். அவள் முதுகுக்குப் பின்னால் தேவதாசன் மாலையை மெல்லப் பிய்த்தார். கூடுதலாக வந்த மேட்டில் கொஞ்சம் பூ போட்டார். ஆறாவது மேட்டில் போட்டார். வரிசையில் ஒன்றைக்கூட விடவில்லை. அப்புறம் மேடுகளுக்கு நடுவிலிருந்த தரையில் குனிந்து குனிந்து போட்டார். சுவர் இடிந்த இடத்தைத் தாண்டி, வாய்க்கால் சரிவு வரைக்கும் பைய நடந்து போய்ப் போட்டார். திரும்பி வரும்போது கையில் வெறும் வாழைநார்தான் இருந்தது.

ஜெசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “மால எங்கப்பா?”

“அம்மாவுக்குப் போட்டுட்டேம்மா” என்றார் தேவதாசன்.